பொய் டிஸ்க் பொய் சொல்லலாமா?

கோவைப் பட்டறையில் மோட்டார் பம்பைச் சோதித்த பிறகுதான் அனுப்புவார்கள். சோதிக்கும் மீட்டரே தப்பாகக் காட்டினால்? ஓட்டைப் பம்பும் தேறிவிடும். விவசாயி கிணற்றில் இறக்கிய பிறகுதான் குட்டு வெளிப்படும்!

கம்ப்யூட்டரிலும் இப்படி ஒரு மீட்டர் உண்டு. 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸில் அது இருக்கிறது. 'ஸ்கஸி டிபக்' என்ற டிரைவர். டிரைவர் என்றால் லாரி ஓட்டுகிறவர் அல்ல; டிஸ்க்கை இயக்கும் புரோகிராம். இதற்கோ டிஸ்க்கே கிடையாது! கம்ப்யூட்டர் நினைவில் சாதாரணமாக 8 எம்.பி. இடத்தைப் பிடித்துக்கொண்டு, டிஸ்க் போல நடிக்கும். நாம் ஏவினால், 4660-வது எண்ணிலிருந்து பத்துக் கட்டங்கள் கெட்டுவிட்டன என்று புளுகும். நிஜ டிஸ்க் கெடும்போது மற்ற புரோகிராம்கள் சமாளிக்குமா என்று பார்க்கத்தான் இந்த நாடகம்.

இதில் ஒருவர் திருத்தம் செய்தால், "போலி டிஸ்க்தானே" என்று விட்டுவிடத் தோன்றும். விடக்கூடாது. கெட்டது என்று சொல்லவேண்டிய இடத்தில் அது "நல்லது" என்றால், அரைகுறைப் புரோகிராம் பாஸாகிவிடும். பிறகு போவது யாருடைய பாங்குக் கணக்கோ!

திருத்தத்தைப் பரிசீலித்தவர் அதன் அடியில் தம் பெயரைப் போடுவது லினக்ஸ் வழக்கம். பெயர் போடுமுன், அந்தப் பழுதை வரவழைத்தே பார்த்துவிட வேண்டும். கோவையில் கணினி வேலை பார்க்கும் பிள்ளைகளும் இதைச் செய்யலாம். லினக்ஸ் புரோகிராமை யாரும் திறந்து படிக்கலாம்.