சேலைக்கு உண்டு, சொல்லுக்கு இல்லை

2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருப்பதியில், மே மாத கங்கம்மா ஜாத்திரையின்போது ஆண்கள் நேர்த்திக்கடனாகச் சேலை கட்டி, பூச்சூடிக் கோயிலுக்கு வருவது ஊருக்குப் பழகிய காட்சி. வேண்டுதல் வேறு, அடையாளம் வேறுதான். ஆனால் ஆட்டிசம் உள்ள மகன் 'நான் பெண்' என்று சொன்னால்? 'அவனுக்கு என்ன தெரியும்' என்று பல வீடுகளில் பேச்சு முடிந்துவிடும்.

2020இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 6 லட்சத்துக்கும் அதிகமானோரின் தகவல்களை ஆராய்ந்தார்கள். திருநங்கையர், திருநம்பியர் போன்றோரிடையே ஆட்டிசம் மற்றவர்களைவிட 3 முதல் 6 மடங்கு அதிகம் காணப்பட்டது. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை.

தன் பாலினத்தைத் தானே முடிவு செய்வது அவரவர் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. ஆட்டிசம் உள்ளவர்களை அது விலக்கவில்லை. வேண்டுதலுக்குக் கட்டிய சேலையை மதிக்கும் ஊர், வீட்டுப் பிள்ளையின் சொல்லுக்கும் காது கொடுக்கலாம்.