கண்டல் கரையில் ஒரு பன்னம்



உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் என் சின்ன மகள், போன மாதம் களப்பு ஓரத்திலிருந்து நீளமான ஓர் இலையோடு வந்தாள். "உம்மா, இது என்ன சாதி எண்டு எழுதோணும்" என்றாள். சாதி என்றதும் திடுக்கிட்டேன். பிறகுதான் விளங்கியது. நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டத்துக்கு உயிரியல் புத்தகத்தில் சாதி என்று பெயராம்.

அது கண்டல் பன்னம். கற்பிட்டிப் பக்கம் கண்டல் மரங்களுக்குப் பின்னால், சேற்றில் ஆளுயரப் புதராக நிற்கும். பூவும் இல்லை, காயும் இல்லை. முற்றிய இலையின் நுனிப்பக்கச் சிற்றிலைகளைத் திருப்பிப் பார்த்தால் துருப் பிடித்தது போல இருக்கும். அத்தனையும் வித்திகள் நிறைந்த சின்னஞ்சிறு பைகள். வித்தி காற்றில் பறந்து ஈரநிலத்தில் முளைக்கும்.

இந்தப் பைகளை அடையாளமாக வைத்தே, சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753இல் அக்ரோஸ்டிக்கம் என்ற சாதியை வகுத்தார். இலையின் பின்புறத்தை வித்திப் பைகள் மூடியிருக்கின்றனவா? அப்படியானால் அக்ரோஸ்டிக்கம். மரத்தில் ஒட்டி வளர்வதும், பாறை இடுக்கில் வளர்வதும், தண்ணீரில் வளர்வதும் ஒரே பட்டியலில் சேர்ந்தன.

தண்ணீரில் வளர்வதற்கு நம் நாட்டுக் கதை உண்டு. ஒல்லாந்தர் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டிய காலத்தில், 1672இல், அவர்களுடைய கம்பனி வைத்தியராக இலங்கைக்கு வந்தவர் ஹேர்மன். அவர் உலர்த்தி வைத்த செடிகள் இன்றும் லண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றில் இருந்த நீர்ப் பன்னத்தையும் லின்னேயஸ் அதே பட்டியலில் போட்டார்.

பின்னர் வந்தவர்கள் தண்டு, நரம்பு, செதில், வித்தி எல்லாவற்றையும் பார்த்தார்கள். பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். நீர்ப் பன்னமும் வெளியே போய்த் தனிச் சாதியானது. இன்று அக்ரோஸ்டிக்கத்தில் 3 இனங்களே மிச்சம்.

கடைசியில் மரபணுவைப் பார்த்தபோது ஓர் ஆச்சரியம். கண்டல் பன்னத்துக்கு மிக நெருங்கிய உறவு அந்த நீர்ப் பன்னந்தான்! ஒன்று உப்புச் சேற்றில் தோல் போன்ற தடித்த இலையோடு நிற்கிறது. மற்றது நன்னீரில் கீரை போல மென்மையாக வளர்கிறது. 2016இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட வகைப்படுத்தலில் இவ்விரு சாதிகளும் மட்டும் ஓர் உபகுடும்பம்.

இதை மகள் வாசித்துச் சொன்னபோது 1990 ஒக்டோபர் நினைவுக்கு வந்தது. மன்னாரிலிருந்து தோணியில் வந்து இந்தக் கரையில் இறங்கினோம். தையல்காரி, வலை முடிபவள், ஆசிரியை, கைக்குழந்தைக்காரி எல்லோருக்கும் ஒரே பெயர்: அகதி. இங்கேயே பிறந்த என் மகளிடமும் ஓர் அலுவலகத்தில் கேட்டார்கள், "நீ அகதிப் பிள்ளையா?" என்று. அன்று அவள் பதில் சொல்லவில்லை.

பட்டியல் போடுவது பிழையில்லை, சகோதரிகளே. பட்டியல் இருந்ததால்தான் எங்களுக்கு நிவாரண அரிசி கிடைத்தது. ஒரே அடையாளத்தோடு பார்வையை நிறுத்திவிடுவதுதான் பிழை. லின்னேயஸின் பட்டியலையே திருத்தினார்கள் என்றால், எங்கள் பெயருக்குப் பக்கத்தில் உள்ளதைத் திருத்தச் சொல்ல நாங்கள் ஏன் தயங்க வேண்டும்?

களப்புப் பக்கம் போனால் அந்த இலையைத் திருப்பிப் பாருங்கள். பிடுங்க வேண்டாம். அடுத்த மாதம் சந்திப்போம்.