பூட்டிய திரை போதுமா?

உணவங்காடியில் மேசை பிடிக்க டிஷ்யூ பொட்டலம் வைப்பதுபோல், தேர்வுக் காலத்தில் நூலகத்தில் இடம் பிடிக்க மடிக்கணினியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் நம்மில் பலர். கேட்டால், "சிங்கப்பூரில் யார் எடுக்கப் போகிறார்கள்? கடவுச்சொல்லும் போட்டிருக்கிறேன்" என்பார்கள். முதல் பாதி பெரும்பாலும் உண்மை. இரண்டாம் பாதியில்தான் எனக்கு உடன்பாடில்லை.

கணினிக்குள் ஃபர்ம்வேர் என்று ஒன்று உண்டு. விண்டோஸுக்கு முன்பே விழித்துக்கொள்ளும் நிரல் அது. சிறு சில்லுகளில் குடியிருப்பது. நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் பெரும்பாலும் அதற்கு மேல்தளத்தில்தான் காவல் நிற்கிறது. 2018இல் ஈசெட் நிறுவனம் கண்டறிந்த 'லோஜாக்ஸ்' அப்படியொரு சில்லில் ஒளிந்திருந்தது. விண்டோஸை மீண்டும் நிறுவினாலும், வன்தட்டையே மாற்றினாலும் அது போகாது. அதுவாவது மென்பொருள் வழியாகப் புகுந்தது. கணினியே கையில் கிடைத்துவிட்டால்?

2020இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர் பியோர்ன் ரூட்டன்பெர்க் அதைச் செய்து காட்டினார். திரை பூட்டி உறக்க நிலையில் இருந்த மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றி, தண்டர்போல்ட் இணைப்பை இயக்கும் சில்லின் ஃபர்ம்வேரை மாற்றி எழுதினார். பிறகு அந்தத் துளையில் ஒரு கருவியைச் செருகி, கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நுழைந்தார். ஏறக்குறைய ஐந்து நிமிட வேலை. வன்தட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தும் பயனில்லை. உறக்க நிலையில் அதன் சாவி நினைவகத்திலேயே இருக்கிறதே! 'தண்டர்ஸ்பை' என்பது இதன் பெயர்.

ஆளில்லாத கணினியில் கைவைக்கும் இவ்வகைத் தாக்குதலுக்கு 2009இல் போலந்து ஆய்வாளர் யோவானா ருட்கோவ்ஸ்கா 'தீய பணிப்பெண்' என்று பெயர் வைத்தார். ஹோட்டல் அறையை மனத்தில் வைத்துச் சொன்னது. அறையைத் துப்புரவு செய்யும் அக்கா என்ன பாவம் செய்தாரோ! நூலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரரே போதும்.

"என் கணினியில் அப்படி என்ன இருக்கிறது?" என்பவர்கள், குறிப்பாகப் பேரவைச் செயலவையினர், தங்கள் கோப்புகளை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். முகாமுக்கு வந்த முதலாமாண்டு மாணவர்களின் தொலைபேசி எண்கள், பெற்றோர் விவரம், உடல்நலக் குறிப்பு... எல்லாம் நம்மை நம்பித் தந்தவை.

2019 முதல் வந்த சில கணினிகளில் தண்டர்ஸ்பையை ஓரளவு தடுக்கும் ஏற்பாடு உண்டு. பழையவற்றை மென்பொருளால் சரிசெய்ய இயலாது என்பது ரூட்டன்பெர்க்கின் கருத்து. ஆகவே, எழுந்து போகும்போது மூடியை மட்டும் மூடாமல் கணினியை முழுவதும் அணையுங்கள். மறையாக்கம் அப்போதுதான் உதவும். உறுப்பினர் விவரம் உள்ள கணினியை மட்டும் அணைத்துக்கூட விட்டுச் செல்லக்கூடாது என்று செயலவை விதி வகுக்க வேண்டும். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இதை நானே முன்மொழிய எண்ணியிருக்கிறேன். வழிமொழிய ஒருவர் தேவை.