ஆங்கிலம் புரிந்ததா என்று தமிழில் கேளுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் என்று எந்த ஊரிலும் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரிடம் கொஞ்ச நேரம் பேசிப் பாருங்கள், ஒரு நம்பிக்கை தானாக வெளியே வந்துவிடும். ஆங்கிலத் தேர்வில் தமிழ் தலைகாட்டக் கூடாது. ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்கு ஆங்கிலத்தில் எழுதி வாங்கிய மார்க் எவ்வளவோ, அவ்வளவுதான் பிள்ளைக்குத் தெரிந்த ஆங்கிலம். "எங்க பொண்ணு இங்கிலீசுல தொண்ணூத்திரண்டுங்க" என்று சொல்லும் தாயின் குரலில் இருக்கும் நிம்மதியை நான் மதிக்கிறேன். தறி ஓட்டியும் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தும் கட்டிய ஃபீஸ் அது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்: அந்தத் தொண்ணூற்றிரண்டு, அந்தப் பெண் ஓர் ஆங்கிலப் பத்தியைத் தானாக வாசித்துப் புரிந்துகொள்வாள் என்பதற்குச் சான்று ஆகாது. அதேபோல, முப்பத்தைந்தைத் தொடாத பையனுக்கு எதுவும் புரியவில்லை என்பதற்கும் சான்று ஆகாது.

வினாத்தாளை எடுத்துப் பார்த்தாலே இது விளங்கும். பத்தாம் வகுப்பு ஆங்கிலம் முன்பு இரண்டு தாளாக இருந்தது. அதை ஒரே தாளாக்கி 2019-ல் அரசு உத்தரவிட்டது. நூறு மதிப்பெண்ணில் ப்ரோஸ், போயம், துணைப்பாடம் எல்லாம் பாடநூலிலிருந்து வருபவை. நோட்ஸில் இருக்கிற பேராகிராப்பை அப்படியே இறக்கலாம். மெமரி போயம் என்ற பெயரே அது எதைச் சோதிக்கிறது என்று சொல்லிவிடுகிறது. கடிதம், நோட்டீஸ், விளம்பரம், வழிகாட்டும் வரைபடம் எல்லாவற்றுக்கும் அச்சு இருக்கிறது. ஊர்ப் பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். பிள்ளை அதுவரை கண்ணால் பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்து, வாசித்து விடை சொல் என்று கேட்கிற இடம் ஒன்றுதான் முக்கியமாக உண்டு. அதற்கு எட்டு மதிப்பெண். நூற்றில் எட்டு.

அந்த எட்டு மதிப்பெண்ணாவது புரிதலைச் சோதிக்கிறதா என்றால், அதுவும் இல்லை.

மெல்லக் கற்கும் மாணவர்களுக்கென்று மாலை வகுப்பில் சொல்லித்தரும் உத்தி ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேள்வியில் இருக்கும் பெரிய வார்த்தையைப் பத்திக்குள் தேடு. அது கிடைத்ததும் அந்த வரியை முற்றுப்புள்ளியிலிருந்து முற்றுப்புள்ளி வரை அப்படியே எழுது. 'ஹூ' என்றால் ஆள், 'வேர்' என்றால் இடம், 'வென்' என்றால் எண். இந்த உத்தி எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நீங்களே தமிழில் சோதித்துப் பார்க்கலாம். இந்த வரியைப் படியுங்கள்: கிம்பன் தளைமேட்டில் மூன்று புரட்டங்களை நெமிட்டியதால் சவுலிகள் விரண்டன. இப்போது கேள்வி: கிம்பன் எங்கே புரட்டங்களை நெமிட்டினான்? எத்தனை புரட்டங்கள்? சவுலிகள் ஏன் விரண்டன? மூன்றுக்கும் உங்களால் சரியான விடை எழுத முடியும். முழு மதிப்பெண்ணும் உண்டு. புரட்டம் என்றால் என்ன, சவுலி என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, ஏனென்றால் அப்படி எதுவும் கிடையாது. பத்தாம் வகுப்பில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பத்தி இப்படித்தான் தோன்றுகிறது. அவர்கள் எழுதும் விடை சரி. நாமும் டிக் போடுகிறோம்.

இதன் மறுபக்கம் இதைவிட மோசமானது. ஆங்கில ஆசிரியனாக நான் நெருங்கிப் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஆனைமலைக் காட்டு இருவாச்சிப் பறவையைப் பற்றிய ஓர் ஆங்கிலப் பத்தி, பள்ளி அளவிலான தேர்வுக்கு வந்தது. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு சிறு பிளவு மட்டும் விட்டிருக்கும். ஆண் பறவை அதன் வழியாகப் பழம் கொண்டுவந்து ஊட்டும். கடைசிக் கேள்வி, இந்தப் பறவையை வேட்டையாடுவது ஏன் பெருங்கேடு என்பது. அதற்கான வரி பத்தியில் நேராக இல்லை, யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு மாணவி எழுதியிருந்தாள்: "இஃப் மேல் டெட் ஃபீமேல் ஆல்சோ டெட்." அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் பூஜ்யம். அவளைக் கூப்பிட்டு என்ன நினைத்து எழுதினாய் என்று தமிழில் கேட்டேன். "உள்ள இருக்கறது வெளிய வர முடியாதுங்க சார். ஆம்பளப் பறவையச் சுட்டுட்டாங்கன்னா சோறு கொண்டாறதுக்கு ஆளில்லீங்க. அம்மாவும் குஞ்சும் பொந்துக்குள்ளயே பட்டினி கெடந்து செத்துப்போகும். ஒரு குண்டுல குடும்பமே போயிரும்ங்க." அந்த வகுப்பில் அந்தப் பத்தியை அவள் அளவுக்குப் புரிந்துகொண்டவர் வேறு யாரும் இல்லை. 'ஹன்டிங்' என்ற சொல் இருந்த வேறொரு வரியைப் பார்த்து எழுதியிருந்த பையனுக்கு, பிழையில்லாத ஆங்கிலம் என்று ஒரு மதிப்பெண் கிடைத்திருந்தது.

அவளுக்கு வராதது ஆங்கிலத்தில் எழுதுவது. அது உண்மையான குறை, அதைத் தனியாகச் சோதித்துத் தனியாகக் கற்பிக்க வேண்டும். நாம் செய்வது வேறு. எழுத வராததை வாசிக்க வராததாகக் கணக்கெழுதி, "உனக்கு இங்கிலீஷ் வராது" என்று பதினைந்து வயதில் முத்திரை குத்தி அனுப்புகிறோம். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் எதையும் வாசித்துப் பார்க்கவே துணிவதில்லை.

இது என்னுடைய கற்பனைக் கவலை இல்லை. மொழித்தேர்வு ஆய்வாளர் எலானா ஷோஹாமி, ஆங்கிலத்தை அயல்மொழியாகப் படித்த இஸ்ரேல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களிடம் செய்த ஆய்வை 1984-ல் வெளியிட்டார். வாசிக்கும் பத்திகள் ஆங்கிலத்தில்தான். கேள்விகள் சிலருக்கு ஆங்கிலத்தில், சிலருக்குத் தாய்மொழியான ஹீப்ருவில். தாய்மொழியில் கேட்டபோது மதிப்பெண் கூடியது. அந்த வேறுபாடு மிக அதிகமாகத் தெரிந்தது பின்தங்கிய மாணவர்களிடம். பத்தியில் ஒரு சொல்லும் மாறாதபோது மதிப்பெண் மட்டும் மாறுகிறது என்றால், பழைய மதிப்பெண் வாசிப்பைத் தவிர வேறு எதையோ சேர்த்து அளந்துகொண்டிருந்தது என்றுதானே பொருள்? ஆய்வு வந்து நாற்பது ஆண்டு கடந்துவிட்டது. நம் ஊரில் இன்னும் ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போடும் பள்ளிகளை நல்ல பள்ளி என்று தேடிப் போகிறோம்.

சீனாவைப் பார், அங்கே எல்லாம் கண்டிப்பு என்பார்கள். பார்ப்போம். சீன மாணவர்களின் காவ்காவ் நுழைவுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, பாடநூலில் இல்லாத பத்திகளை வாசித்து விடை தேர்ந்தெடுப்பதற்கு. சரியான எழுத்தைக் குறித்தால் போதும் என்பதால், எழுத வராதது அங்கே வாசிப்பு மதிப்பெண்ணைத் தின்பதில்லை. தைவானில் கல்லூரி நுழைவுக்கான ஆங்கிலத் தேர்வில் சீன வாக்கியங்களைக் கொடுத்து ஆங்கிலமாக்கச் சொல்லும் பகுதியே இருக்கிறது. தாய்மொழி உள்ளே வந்ததால் தைவான் பிள்ளைகளின் ஆங்கிலம் கெட்டுப்போனதாக அங்கே யாரும் அதை விரட்டவில்லை. அந்த நாடுகளின் தேர்வுகளிலும் பயிற்சி மையங்களும் குறுக்கு வழிகளும் உண்டு, அவற்றை நான் அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. வாசிப்புக்கு அவர்கள் கொடுக்கும் எடையைத்தான் சொல்கிறேன்.

இன்னொரு கணக்கும் நினைவில் இருக்கட்டும். பதினைந்து வயது மாணவர்களின் வாசிப்பை உலக அளவில் ஒப்பிடும் பீசா தேர்வின் 2009 சுற்றில் தமிழ்நாடு பங்கேற்றது. வாசிப்பில் முதலிடம் பிடித்த ஷாங்காய் 556 புள்ளி. தமிழ்நாடு 337, பட்டியலின் அடிமட்டத்தில். அதே பிள்ளைகள் நம் பொதுத்தேர்வுகளில் பெருவாரியாகத் தேர்ச்சி பெற்றுக்கொண்டிருந்தவர்கள். அடுத்து வந்த சுற்றுகளில் இந்தியா பங்கேற்கவில்லை. கேள்வித்தாள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லப்பட்டது. அதில் ஓரளவு நியாயம் இருந்தாலும், நம் மதிப்பெண்ணுக்கும் நம் பிள்ளைகளின் வாசிப்புக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தை அந்தச் சமாதானம் மூடிவிடாது.

கொங்கு நாட்டுக்கு இந்தப் பள்ளத்தின் விலை நன்றாகத் தெரிய வேண்டும். இங்கே ஆங்கிலம் மேடைப் பேச்சுக்காகத் தேவைப்படுவதைவிட வாசிப்பதற்காகத்தான் அதிகம் தேவைப்படுகிறது. திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனியில் ஒரு மெர்ச்சண்டைசரின் மேசையில் பாருங்கள். லேப் டிப் என்னும் சாய மாதிரிக்கு அப்ரூவல் வரும்வரை பல்க் சாயத்தைத் தொடாதே என்று பையர் அனுப்பும் மெயிலில், 'அன்லெஸ்', 'அன்டில்' என்ற சிறு சொற்களில்தான் மொத்த ஆர்டரும் நிற்கிறது. அதில் 'பல்க்' என்ற பெரிய வார்த்தையைத் தேடிப் பிடித்தவனுக்கு, சாயத்தை ஆரம்பிக்கச் சொன்னதாகத் தோன்றும். பள்ளியில் மார்க் வாங்கித்தந்த அதே பழக்கம் இங்கே ஒரு லாட் துணியைக் கழிவாக்கும். கோவை மோட்டார் பம்ப் பட்டறையில் புதிதாக வந்த சிஎன்சி மெஷினின் கையேடு, பொள்ளாச்சித் தோப்புக்கு வாங்கும் மருந்து டப்பாவின் துண்டுத்தாள், திருச்செங்கோட்டிலிருந்து வெளிமாநிலம் போகும் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டியின் ஒப்பந்தம் எல்லாமே வாசித்துப் புரிந்து, தமிழில் சக தொழிலாளிக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவை. ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் விளக்குவது இந்த மண்ணின் அன்றாட வேலைத்திறன். அதை நம் ஆங்கிலத் தேர்வு எதுவும் கேட்பதில்லை.

எதிர்வாதங்கள் இருக்கின்றன. தமிழில் விடை எழுத விட்டால் பிள்ளை ஆங்கிலம் எழுதவே கற்காது என்பது முதலாவது. எழுத்துத்திறனுக்குக் கடிதமும் கட்டுரையும் அப்படியே இருக்கட்டும். அங்கே ஆங்கிலம்தான். வாசிப்புப் பகுதியில் மட்டும் மொழித் தேர்வைப் பிள்ளையிடம் விடச் சொல்கிறேன். இரண்டாவது, எல்லோருக்கும் தாய்மொழி தமிழா என்பது. நல்ல கேள்வி. கோவையில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் பேசுவோர் ஏராளம். திருப்பூர் அரசுப் பள்ளிகளில் வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதனால்தான் கட்டாயம் என்று சொல்லாமல், தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம் என்று சொல்கிறேன். மூன்றாவது, இதற்கும் கைடு வந்துவிடும் என்பது. ஆண்டுதோறும் புதிதாக எழுதிய பத்தியும், 'ஏன்', 'அப்படியானால் என்ன ஆகும்' என்ற கேள்விகளும் வந்தால் எந்தக் கைடும் அதை முன்கூட்டி அச்சடிக்க முடியாது.

தேர்வை மாற்றினால் வகுப்பறை மாறுமா என்று சந்தேகப்படுபவர்கள் நம் பகுதியின் சொந்த வரலாற்றைப் பார்க்கலாம். பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே உருப்போட வைத்த விடுதிப் பள்ளிகளைப் பற்றி நாமக்கல் வட்டாரத்தில் கேள்விப்படாதவர் உண்டா? 2017-ல், கோபிசெட்டிபாளையத்துக்காரரான செங்கோட்டையன் கல்வி அமைச்சராக இருந்தபோது, ரேங்க் பட்டியல் நிறுத்தப்பட்டது. பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. அந்த ஏற்பாட்டின் மற்ற குறைகளைப் பற்றி எவ்வளவோ பேசலாம், 2025-ல் அந்தத் தேர்வு ரத்தும் ஆகிவிட்டது. ஆனால் அது இருந்தவரை அந்த வகுப்புப் பாடத்தைத் தாண்டிக் குதிக்க முடியவில்லை. தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் பள்ளி நடத்தும்.

வேடிக்கையாகத் தெரியலாம், ஆனால் உண்மை: பத்தாம் வகுப்பில் ஆங்கிலப் பத்தியின் பொருளைத் தமிழில் சொல்லச் சொல்லும் இடம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அது தமிழ்ப் பாடத்தின் மொழிபெயர்ப்புக் கேள்வி. தமிழ் ஆசிரியர்கள் அதைத் திருத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள், திருத்த முடியாது என்று யாரும் சொன்னதில்லை. ஆங்கில ஆசிரியர்களாலும் முடியும்.

ஆகவே அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு என் கோரிக்கை இவ்வளவுதான். ஆங்கில வினாத்தாளில் முன்பின் பார்த்திராத பத்திக்கான மதிப்பெண்ணை எட்டிலிருந்து இருபத்தைந்தாக உயர்த்துங்கள். "இப்பகுதிக்கு விடையைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம்" என்று அதன் மேலே ஒரு வரி சேருங்கள். விடைக்குறிப்பில் இந்தப் பகுதியில் இலக்கணப் பிழைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது என்று எழுதுங்கள். பெற்றோர்களே, அதுவரை காத்திருக்க வேண்டாம். பிள்ளை படிக்காத ஒரு பக்கத்தை ஆங்கிலத்தில் வாசிக்கச் சொல்லி, "இதுல என்ன சொல்லியிருக்கு, கண்ணு?" என்று தமிழில் கேளுங்கள். நீங்கள் ஆங்கிலம் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவள் தட்டுத் தடுமாறாமல் விளக்கினால் அவளுக்கு ஆங்கிலம் வருகிறது, மார்க் ஷீட்டில் என்ன இருந்தாலும்.