திருடனுக்குத் தரவேண்டிய பாக்கி

பாக்தாதில் சதாம் உசேன் சிலையைச் சங்கிலி கட்டி இழுத்துத் தள்ளிய அதே 2003 ஏப்ரல் 9-ம் தேதிதான் நமது மக்களவையில் மின்சார மசோதா நிறைவேறியது. ஊரே சிலையைப் பார்த்துக்கொண்டிருந்தது; மசோதாவைக் கவனிக்க ஆள் இல்லை. அதற்கு இரண்டு வாரம் முன்பு, மார்ச் 26-ம் தேதி வாஷிங்டனிலிருந்து வந்த இன்னொரு செய்தியும் இப்படித்தான் ஈராக் யுத்தப் புகையில் காணாமல் போனது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வயிறு எரிகிறது.

வாஷிங்டன் செய்தி என்ன? மின்சார விலையை ஏற்றிக் கொள்ளையடித்த கம்பெனிகள் கலிஃபோர்னியாவுக்குத் திருப்பித் தரவேண்டிய தொகையை, அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 180 கோடி டாலரிலிருந்து சுமார் 330 கோடி டாலராக உயர்த்தியது. 'அமெரிக்கா என்றால் அமெரிக்காதான்! தின்றதைக் கக்க வைக்கிறார்கள் பாருங்கள்' என்று நம்மூரில் சிலர் உடனே புல்லரித்துப் போனார்கள்.

கொஞ்சம் பொறுங்கள் ஐயா, கணக்கை முழுசாகப் பாருங்கள்.

கலிஃபோர்னியா கேட்டது சுமார் 900 கோடி டாலர். 2002 டிசம்பரில் ஆணையத்தின் நீதிபதி எழுதிய தீர்ப்புப்படி, கம்பெனிகள் தரவேண்டியது 180 கோடி. ஆனால், அதே கம்பெனிகளுக்குக் கலிஃபோர்னியா தரவேண்டிய பில் பாக்கி 300 கோடி! கழித்துப் பாருங்கள். பறிகொடுத்தவர்தான் பறித்தவருக்கு இன்னும் 120 கோடி டாலர் அழ வேண்டும். பிறகு 330 கோடி என்று உயர்த்தினார்களே என்றால், பாக்கியைக் கழித்துக்கொண்டு கையில் வைப்பது சொற்பம்தான்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று இருக்கிறது. இந்தக் கணக்கு தொடங்கும் நாள் 2000 அக்டோபர் 2. ஆமாம், நம் காந்தி ஜெயந்திதான்! புகார் கொடுத்து அறுபது நாள் ஆன பிறகே கணக்குப் பார்க்கலாம் என்பது அன்றைக்கு அவர்கள் சட்டம். சான் டியாகோ மின் நிறுவனம் புகார் கொடுத்தது ஆகஸ்ட் 2. ஆகவே, அந்தக் கோடைக்காலம் முழுக்க நடந்த வசூல் இந்தக் கணக்கில் சேராது. சான் டியாகோ குடும்பங்களுக்கு மின்சார பில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று வந்து விழுந்ததே அந்தக் கோடையில்தான்.

பஸ்ஸில் பர்ஸைப் பறிகொடுக்கிறீர்கள். பிக்பாக்கெட்டைக் கையும் களவுமாகப் பிடித்தும் விடுகிறார்கள். இன்ஸ்பெக்டர் வந்து, 'தாம்பரம் தாண்டிய பிறகு உருவியதற்கு மட்டும்தான் கணக்கு. அதற்கு முன்னால் உருவியது அவனுக்கே' என்கிறார். போதாக்குறைக்கு, 'அவனுக்கு நீ ஏதோ பாக்கி வைத்திருக்கிறாயாமே, அதை முதலில் எடு' என்று உங்கள் சட்டைப்பையைத் துழாவுகிறார். இதற்குப் பெயர் 'நிவாரணம்'!

உருவியவர்கள் லேசுப்பட்டவர்களா? கலிஃபோர்னியாவுக்குள் விற்கும் மின்சாரத்துக்கு உச்ச விலை உண்டு, வெளி மாநிலத்திலிருந்து வருவதற்குக் கிடையாது என்றதும், என்ரான் என்ற மின் வியாபாரக் கம்பெனியின் ஆட்கள் உள்ளூர் மின்சாரத்தையே வாங்கி, கணக்கில் எல்லை தாண்டி அனுப்பி, வெளியூர்ச் சரக்காகத் திரும்பக் கொண்டுவந்து விற்றார்கள். அதற்கு 'ரிகோஷே' என்று செல்லப்பெயர் வேறு. இன்னொரு தந்திரத்துக்கு 'டெத் ஸ்டார்' என்று பெயர். ஒரு யூனிட்டைக்கூட நகர்த்தாமல், மின்பாதை நெரிசலைக் குறைத்ததாகச் சொல்லிக் கூலி வாங்குவது. ரிலையன்ட் என்ற கம்பெனி (நம்மூர் ரிலையன்ஸ் அல்ல) 2000 ஜூனில் விலையை ஏற்றுவதற்காகவே ஆலைகளை நிறுத்தியது. அதைத் தொலைபேசியில் பேசி ஏற்பாடு செய்த பேச்சுப் பதிவு 2003 ஜனவரியில் வெளியானது. தண்டனை? 1 கோடியே 38 லட்சம் டாலர் கொடுத்து விவகாரத்தை முடித்துக்கொண்டார்கள்.

1999 டிசம்பரில் ஒரு மெகாவாட்-மணிக்கு 30 டாலர் அளவில் இருந்த மொத்த விலை, 2000 டிசம்பரில் 370 டாலரைத் தாண்டியது. 2001 ஜனவரியில் மாநிலத்தின் சில பகுதிகள் மாறி மாறி இருட்டில் மூழ்கின. ஏப்ரலில் பி.ஜி. அண்ட் இ. மின் நிறுவனம் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. 2003-ல் ஆளுநர் கிரே டேவிஸைப் பதவியிலிருந்து இறக்கக் கையெழுத்து வேட்டை நடந்தது. மக்கள் கோபம் கைக்கு எட்டியவர் மேல்தானே பாயும்?

'எங்கோ அமெரிக்காவில் நடந்ததற்கு இங்கே ஏன் ஒப்பாரி?' என்கிறீர்களா? இதே என்ரான்தான் மின் ஆலை நடத்த நம் மகாராஷ்டிரத்தின் தபோலுக்கு வந்தது. யூனிட் விலை 7 ரூபாயைத் தாண்டியது. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிலைக்கட்டணம் தனி. சொன்ன நேரத்துக்குள் உற்பத்தியை எட்டவில்லை என்று மகாராஷ்டிர மின்வாரியம் 401 கோடி ரூபாய் கேட்டது, கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. 2001 மே மாதம் 'போதுமடா சாமி' என்று வாரியம் மின்சாரம் வாங்குவதையே நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் என்ரான் திவால். 2003-ல் ஆலை பூட்டிக் கிடந்தது.

இந்த லட்சணத்தில்தான் மின்சாரத்தை வாங்கி விற்பதையே ஒரு தொழிலாக்கும் மசோதா மாநிலங்களவைக்குப் போனது. மின்வாரியங்களின் நஷ்டமும் ஊழலும் நமக்குத் தெரியாததல்ல, மாற்றம் வேண்டும்தான். மசோதாவில் நல்ல விதி ஒன்றும் இருந்தது. நம் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வசூலித்தால், கூடுதல் பணத்தை வங்கி வட்டியோடு திரும்பக் கேட்கலாம். பேஷ்! ஆனால், கட்டணம் நிர்ணயித்தால்தானே 'கூடுதல்' என்ற பேச்சே வரும்? நாலு வியாபாரிகள் தொலைபேசியில் பேசி வைத்துக்கொண்டு விலையை ஏற்றினால், எது நியாய விலை, எது கூடுதல் என்று யார் சொல்வது? ஓய்வுபெற்ற அதிகாரிகளின் இளைப்பாறும் மடமாகிவிட்ட ஆணையங்களா?

வட்டியோடு திரும்பக் கேட்பதற்கும் கையில் சீட்டு வேண்டுமே! நம் பழைய பல்லவிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடையில் பில் கேட்க நமக்குக் கூச்சம். நகைக்கடையில் 'பில் போட்டா வரி வரும் சார்' என்றால் உடனே தலையாட்டுகிறோம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க நன்கொடையை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, ரசீது கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று பயந்து திரும்பி வருகிறோம். மீட்டர் அட்டையில் கணக்கெடுப்பவர் கிறுக்கிவிட்டுப் போன எண்ணை மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் இந்தத் தெருவில் எத்தனை பேர்? கடைசித் தேதிக்குள் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். 2003 மார்ச்சில்தான் இங்கே புதிய கட்டணம் அமலுக்கு வந்தது. இனிமேலாவது அட்டையையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். ஆணையம் மக்கள் கருத்து கேட்கும் நாளில் நேரில் போய் உட்காருங்கள்.

அன்று மாநிலங்களவை உறுப்பினர்களிடம் வைத்த வேண்டுகோள் இது: மின்சந்தையில் விலை எகிறும் அன்றைக்கே அதை நிறுத்தும் அதிகாரமும், முதல் நாள் முதல் ரூபாயிலிருந்து திரும்பக் கணக்குப் பார்க்கும் விதியும் மசோதாவில் தெளிவாக எழுதப்படும் வரை கை தூக்காதீர்கள். கொள்ளை போன பிறகு வரும் உத்தரவு, முழுப் பணத்தையும் மீட்டுத் தராது. பணமும் படிப்பும் சட்டமும் கொழிக்கும் கலிஃபோர்னியாவுக்கே அந்தக் கதி.