ஆற்றை எழுதியவர் ஒரு பெண்

"வீடியோ கேம் ஆண்பிள்ளைகள் சமாச்சாரம், பெண்கள் அதில் என்ன செய்துவிட்டார்கள்?" என்று கேட்கிறீர்கள். 1982-இல் ஆக்டிவிஷன் வெளியிட்ட 'ரிவர் ரெய்ட்' விளையாட்டை எழுதியவர் கரோல் ஷா. இருந்தது வெறும் 4 கிலோபைட் இடம். நீண்டுகொண்டே போகும் ஆற்றை அதற்குள் எப்படி அடைப்பது? ஒரு சின்னக் கணக்கை எழுதி வைத்தார். விளையாடுபவரின் விமானம் ஆற்றின் மேல் பறக்கப் பறக்க, கரையும் தீவும் அந்தக் கணக்கிலிருந்தே முளைத்து வந்தன. எத்தனை அழகான வேலை!

"உரிமை கம்பெனிக்கு, எழுதியவர் பெயர் எதற்கு?" என்கிறீர்கள். பதிப்புரிமை வேறு, பெயர் வேறு. அந்நாளில் அட்டாரி என்ற வீடியோ கேம் நிறுவனம் தன் நிரலர்களின் பெயரை வெளியே சொல்லவில்லை. அந்த மனக்கசப்பும் சேர்ந்துதான் அங்கிருந்து நால்வர் விலகி, 1979-இல் ஆக்டிவிஷனில் கைகோத்தார்கள். பெயரை மறைத்துவிட்டு "பெண்கள் எங்கே?" என்று கேட்பது அநியாயம். ரிவர் ரெய்ட் கையேட்டில் ஷாவின் பெயர் அச்சாகியிருக்கிறது. எடுத்துப் பாருங்கள்.