மருந்து மலிந்தது, தூரம் குறையவில்லை!

தினந்தோறும் மாத்திரை. விழுங்கினால் உயிர் நிற்கும். விட்டுவிட்டால் நோய் திரும்பும்.

இரத்தப் புற்று நோய்களில் ஒரு வகைக்கு இன்று இதுதான் முக்கிய வைத்தியம். "நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்று" என்பது அந்த நோயின் பெயர். "சி.எம்.எல்." என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்வார்கள். மாத்திரையின் பெயர் "இமாடினிப்".

இது ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவதும் அல்ல. மேல்நாடுகளில் பெரும்பாலும் முதியவர்களுக்கு வருகிறது. இந்தியாவிலோ, முப்பது, நாற்பது வயதிலேயே பலரைப் பிடிக்கிறது. குடும்பத்தைத் தாங்கி நிற்கும் வயது அது!

நோய் எப்படி வருகிறது?

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் இரத்த அணுக்கள் உண்டாகின்றன. அந்த மஜ்ஜை அணுவில் "குரோமோசோம்" என்ற நுண்ணிய இழைகள் உண்டு. 9-ம் இழையும் 22-ம் இழையும் அறுந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டால், ஒரு கெட்ட புரதம் பிறக்கிறது. "பெருகு, பெருகு" என்று அது ஓயாமல் ஏவுகிறது. வெள்ளை அணுக்கள் கட்டுக்கு அடங்காமல் பெருகுகின்றன.

இமாடினிப் அந்தப் புரதத்தைச் செயலற்றதாக்குகிறது. 2001-ல் இதற்கு அமெரிக்கா அனுமதி அளித்தது. அதற்கு முன் பலர் சில ஆண்டுகளிலேயே இறந்தார்கள். இந்த மாத்திரையை ஆரம்பத்திலேயே தொடங்கியவர்களைக் கவனித்த பெரிய ஆராய்ச்சியில், 10 ஆண்டுக்குப் பிறகும் 100-க்கு 83 பேர் உயிருடன் இருந்தனர்.

சென்னையில் எழுந்த வழக்கு

மருந்து வந்தது. விலை? மாதம் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்!

இந்தியக் கம்பெனிகள் அதே மருந்தைச் சுமார் 10 ஆயிரம் ரூபாய்க்குள் கொடுத்தன. இதைக் கண்டுபிடித்த சுவிட்சர்லாந்து "நோவார்ட்டிஸ்" கம்பெனி, இந்தியாவில் காப்புரிமை கேட்டது. அது கிடைத்தால் மற்றவர்கள் தயாரிக்க முடியாது.

2006-ல் சென்னை காப்புரிமை அலுவலகம் மறுத்தது. சட்டத்தையே எதிர்த்துக் கம்பெனி தொடுத்த வழக்கை 2007-ல் சென்னை ஐகோர்ட்டு தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் காப்புரிமை இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. பழைய மருந்தை மாற்றி அமைத்தால் மட்டும் போதாது, நோயாளிக்குக் கூடுதல் குணம் தரவேண்டும் என்பதே சட்டத்தின் கருத்து.

ஆராய்ச்சிக்குச் செலவழித்த பணம் திரும்ப வேண்டாமா என்று கம்பெனி கேட்டது. ஏழைகள் பலருக்கு இலவசமாகவே கொடுப்பதாகவும் சொன்னது. ஆனாலும், தீர்ப்புக்குப் பிறகு மலிவு மருந்துக்குத் தடை இல்லை. விலை மேலும் இறங்கியது.

விலை குறைந்தால் போதுமா?

திருக்கோவிலூரில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டம் ஆயிற்று. 2022 ஜனவரியில் அங்கே அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. ஆனால் இரத்தப் புற்றுக்கு என்றால், ஜனங்கள் நினைப்பது புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி., சென்னை அடையாறு ஆஸ்பத்திரி ஆகியவற்றைத்தான்.

திருக்கோவிலூர்வாசிக்கு வேலூர் செல்ல ரெயிலாவது உண்டு. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துக் கூலித் தொழிலாளி என்ன செய்வார்? மலை இறங்கவேண்டும். பஸ் மாறவேண்டும். துணைக்கு ஒருவர் வரவேண்டும். இரண்டு பேருக்கும் கூலி போயிற்று. மாத்திரை இலவசமாகக் கிடைத்தாலும் பயணம் இலவசம் அல்ல. ஒரு மாதம் போகாவிட்டால் மாத்திரை தீர்ந்துவிடும். அடிக்கடி விட்டு விட்டுச் சாப்பிட்டால் பலன் குறைந்துவிடும்.

இன்னொரு விஷயம். பிரான்சில் நடந்து 2010-ல் வெளியான ஆராய்ச்சியில், இரண்டு ஆண்டுகளாகச் சோதனையில் நோயே தென்படாதவர்கள் மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். 10-க்கு சுமார் 4 பேருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்கள் மீண்டும் மாத்திரை சாப்பிட்டதும் அடங்கிவிட்டது. ஆனால் முதல் ஆண்டில் மாதந்தோறும் நுட்பமான சோதனை வேண்டும். சோதனைக்கூடத்துக்கு அருகில் இருப்பவருக்கு இது நல்ல சேதி. மலைமேல் இருப்பவருக்கு?

வழி என்ன?

ஆளுக்குப் பதில் இரத்தம் பயணம் செய்யலாம். இரத்தத் துளியைக் காகிதத்தில் உலர்த்தி, தபாலில் அனுப்பிச் சோதிக்கும் முறையை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

இரத்தக் கொதிப்பு, நீரிழிவு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோன "மக்களைத் தேடி மருத்துவம்" தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கியது. இதையும் அப்படிக் கொடுத்தால் என்ன?

இரத்த அணுக்கள் அளவுக்கு மீறிக் குறையலாம், புற்று மருந்தை நிபுணர் பார்வை இல்லாமல் கொடுப்பது ஆபத்து என்ற எச்சரிக்கை நியாயமானதே. ஆகவே நோயைக் கண்டறிவதும் மருந்தைத் தொடங்குவதும் பெரிய ஆஸ்பத்திரியில் நடக்கட்டும். நோய் கட்டுப்பட்ட பிறகு, இரத்த எண்ணிக்கை பார்ப்பதையும் மாத்திரை வழங்குவதையும் தாலுகா ஆஸ்பத்திரி செய்யலாம். சந்தேகம் வந்தால் நிபுணருக்கு டெலிபோன் இருக்கிறது.

மக்களும் ஒன்றை மறக்கக்கூடாது. காரணம் இல்லாத களைப்பு, உடல் மெலிவு, இடப்பக்க வயிற்றில் கனம் இருந்தால் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கவேண்டும். சாதாரணச் சோதனையிலேயே வெள்ளை அணுக்களின் பெருக்கம் தெரிந்துவிடும்.

விலையைக் கோர்ட்டு தீர்த்தது. தூரத்தைத் தீர்க்கவேண்டியது அரசாங்கம்.